பொது நிலத்தில் மரப்பரண் அமைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வேட்டையாடுகிறவர்களில் சொந்த நிலமோ குத்தகை நிலமோ இல்லாதவர்களுக்குப் பொது நிலமே வேட்டைக்களம். தேசியக் காடுகள், வேட்டைக்குத் திறந்துவிடப்பட்ட தேசிய வனவிலங்குப் புகலிடங்கள், ராணுவப் பொறியாளர் பிரிவின் நீர்த்தேக்கக் கரைகள், மாநிலங்களின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் ஆகியவற்றில் உரிமம் பெற்றவர்கள் அனைவரும் சமமான இடம் உடையவர்கள். மானின் பார்வைக்கு மேலே, தரையிலிருந்து 15 முதல் 20 அடி உயரத்தில் அமர உதவும் ட்ரீ ஸ்டாண்ட் என்னும் மரப்பரண் இந்தச் சமத்துவத்தோடு அடிக்கடி உரசுகிறது. காசு கொடுத்து வாங்கிய பரணை ஒரு மைல் தூரம் சுமந்து சென்று, வியர்க்க வியர்க்கக் கட்டிவிட்டு வந்தவருக்கு, அந்த மேடே தமக்குரியது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. பரண் அவருடையதுதான், அதைத் தாங்கும் மரமும், அதிலிருந்து தெரியும் சரிவும், அந்தச் சரிவில் நடக்கும் மானும் அவருடையவை அல்ல. காட்டில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை, ஒரே ஒரு மரத்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர்களால் எழுகின்றன என்பது என் கருத்து. வேறு போக்கிடம் உள்ளவர் எளிதில் விட்டுக்கொடுப்பார். இல்லாதவர் விட்டுக்கொடுக்க விரும்பினாலும் அவரால் முடியாது.

முதலில் விதிகள்

மரியாதை என்பது சட்டம் முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால், அந்தந்த நிலத்துக்குரிய விதிகளை வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். ஒரு மாநிலத்தின் விதி பக்கத்து மாநிலத்தில் செல்லாது. மிசௌரி மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பரண்களை மட்டும், செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை வைக்கலாம். மிச்சிகனின் பொது நிலங்களில் செப்டம்பர் 1க்கு முன் வைக்கக் கூடாது, மார்ச் 1க்குள் அகற்றிவிட வேண்டும். விஸ்கான்சினில் மாநில இயற்கை வளத் துறையின் நிலங்களைப் பொறுத்தவரை 64ஆம் எண் நெடுஞ்சாலை ஓர் எல்லைக்கோடு: அதற்கு வடக்கே பருவகாலத்தில் பரணை இரவிலும் விட்டுவைக்கலாம்; தெற்கே அன்றன்றைக்குக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். மினசோட்டாவின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளிலும், வடமேற்கில் உள்ள சில பகுதிகளைத் தவிர, அன்றாடம் கழற்றுவதே விதி. பரணை விட்டுவைக்க அனுமதிக்கும் மாநிலங்கள் பல, உரிமையாளரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி அல்லது உரிம எண்ணைப் பரணில் பொறித்திருக்க வேண்டும் என்கின்றன. அந்த எழுத்து தரையிலிருந்தே படிக்கும்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் மாநிலங்களும் உண்டு. விதி கேட்காத இடத்திலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவைப்பது நல்லது. பெயர் தெரியாத பொருளைவிடப் பெயர் தெரிந்த பொருளின்மேல் பிறர் கை வைக்கத் தயங்குவார்கள்.

மரத்துக்கும் விதி உண்டு. தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் ஆணி, கம்பி, திருகு, போல்ட் ஆகியவற்றால் பரணை மரத்தில் பொருத்துவதைக் கூட்டாட்சி விதிகள் தடை செய்கின்றன. ஆளைத் தாங்குவதற்காக உலோகம் அறையப்பட்ட மரத்தில் அமர்ந்து வேட்டையாடுவதும் தடைதான், அதை அறைந்தவர் வேறொருவர் என்று சொல்லித் தப்ப முடியாது. மாநில நிலங்கள் பலவற்றிலும் இதே போன்ற தடை இருக்கிறது. திருகு இறங்கிய துளை வழியே பட்டைக்குள் அழுகல் நுழைகிறது; பல ஆண்டுகள் கழித்து அந்த மரத்தை அறுக்கும்போது உள்ளே புதைந்த இரும்பு ரம்பத்தை உடைத்து அறுப்பவரைக் காயப்படுத்தக்கூடும். ஆகவே வார்ப்பட்டையால் இறுக்கும் பரண்களும், வார்ப்பட்டையால் கட்டும் ஏறுபடிகளும் மட்டுமே பொது நிலத்துக்கு ஏற்றவை. சுடுவதற்கு வழி வேண்டும் என்று உயிருள்ள கிளைகளை வெட்டி ஒதுக்குவதும் பெரும்பாலான இடங்களில் குற்றம். கிளை மறைத்தால் வேறு மரத்தைத் தேட வேண்டியதுதான்.

எந்த வகைப் பரண்

நேரான, கிளையில்லாத அடிமரம் கிடைக்கும் காடுகளில் ‘கிளைம்பர்’ எனப்படும் ஏறுபரண் போதும். உடலோடு மேலே போய், உடலோடு கீழே வந்து, முதுகில் ஏறி வீடு திரும்பிவிடும். ‘லாக்கான்’ எனப்படும் தொங்குபரணைத் தனிப் படிகளோடு சேர்த்துக் கட்டினால் கோணல் மரங்களிலும் அமரலாம். பரணே இல்லாமல் இடுப்பு வாரில் தொங்கியபடி அமரும் ‘சேடில்’ முறையைப் பொது நிலத்தில் வேட்டையாடுகிறவர்கள் பலர் விரும்புகிறார்கள். கனமான ஏணிப் பரணைத் தினமும் சுமந்துவர யாராலும் முடியாது என்பதால், அது கட்டிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. நிற்கிற பரண் நாளடைவில் உரிமை கொண்டாடத் தொடங்குகிறது. அன்றன்று கொண்டுபோய் அன்றன்று கொண்டுவரக்கூடிய பரணே பொது நிலத்தில் மிகுந்த நாகரிகம் உடையது என்பேன். களவுபோகும் என்ற கவலையும் அதில் இல்லை.

இடம் தேர்ந்தெடுக்கும் முறை

பருவத்துக்கு முன் காட்டைச் சுற்றிப் பார்க்கும்போது மானின் தடங்களைத் தேடுகிற அதே கவனத்தோடு மனிதரின் தடங்களையும் தேட வேண்டும். மரப்பட்டையில் வார் இறுகிய தழும்பு, ஏறுபரணின் பற்கள் கடித்த வரிசை, இருட்டில் விளக்கொளி பட்டால் மின்னுவதற்காகக் குத்திவைத்த ஊசிகள், வண்ண நாடா, அடிமரத்தைச் சுற்றி மிதிபட்ட இலைகள் ஆகியவை அங்கே ஒருவர் வழக்கமாக அமர்கிறார் என்பதைச் சொல்லிவிடும். பரண் கண்ணில் படாவிட்டாலும் அந்த மரத்தை ஏற்கெனவே ஒருவர் பிடித்துவைத்த மரமாகவே கருதுவது அறிவுடைமை. அன்றாடம் பரணைக் கழற்றிச் செல்லும் ஒழுங்கான வேட்டைக்காரர் அதன் பின்னால் இருக்கக்கூடும்.

இன்னொருவரின் பரணைக் கண்டால் எவ்வளவு தூரம் விலகுவது என்ற கேள்வி எழும். இதற்கு எங்கும் பொருந்தும் சட்ட அளவு கிடையாது. வில் வேட்டையில் 100 கெஜமாவது விலக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். துப்பாக்கிப் பருவத்தில் அது எந்த வகையிலும் போதாது. ஆனால் கெஜக் கணக்கைவிட நிலத்தின் அமைப்பே முக்கியம். இடையில் ஒரு மேடு இருந்தால் 150 கெஜத்தில் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் நாள் முழுவதும் அமரலாம். திறந்த ஓக் காட்டில், இலை உதிர்ந்த நவம்பர் மாதத்தில், 300 கெஜத்திலும் ஒருவர் மற்றவரின் பார்வையில் உறுத்திக்கொண்டே இருப்பார். ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது பயனுள்ளது: அவருடைய பரணிலிருந்து பார்த்தால் நான் தெரிவேனா, அவர் சுடக்கூடிய திசையில் நான் இருக்கிறேனா, மான்கள் படுக்கும் புதருக்கும் அவருக்கும் நடுவே நான் போய் உட்காருகிறேனா. மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். தூரத்தில் மரியாதையாக விலகிவிட்டு, அவரை நோக்கி வரும் மான்களையெல்லாம் முன்னாலேயே மறித்துக்கொள்வது, பக்கத்து மரத்தில் ஏறுவதைவிடக் கூடுதலான அவமதிப்பு.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளைவால் மான் கண்ணைவிட மூக்கை நம்பும் விலங்கு. நமது வாடை காற்றோடு போய் அடுத்தவர் எதிர்பார்த்திருக்கும் புதரில் விழுந்தால் அவருடைய காலை வேட்டை அங்கேயே முடிந்துவிடும், அவருக்குக் காரணமும் தெரியாது. மலைப்பாங்கான நிலத்தில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலெழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். எனவே காலையில் கீழே அமர்ந்திருப்பவரின் வாடை மேலே இருப்பவரைப் பாதிக்கும், மாலையில் நிலைமை தலைகீழாகும். ஒரே மலையில் இருவர் அமர நேர்ந்தால், ஒரே உயரத்தில் பக்கவாட்டில் விலகி அமர்வது இருவருக்கும் நல்லது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு காலைக்கு ஒரு மரம் போதாது என்பது விளங்கும். மேற்குக் காற்றுக்கு ஒன்று, தெற்குக் காற்றுக்கு ஒன்று, வண்டி நிறுத்துமிடம் நிறைந்திருந்தால் போக வேறொரு மூலையில் ஒன்று எனக் குறைந்தது மூன்று மரங்களையாவது முன்கூட்டியே பார்த்து, ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலியில் குறித்து வைத்திருக்க வேண்டும். நிறுத்துமிடத்தில் மூன்று வண்டிகள் ஏற்கெனவே நின்றால், அந்தப் பக்கத்து மேட்டில் யாரோ இருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். இரவில் வண்டியின் முன்கண்ணாடிக்குள், எந்தத் திசையில் போயிருக்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. பின்னால் வருகிறவர் அதைப் படித்துவிட்டு மறுபக்கம் போய்விடுவார். நல்ல மூலையைப் பிறருக்குக் காட்டிக்கொடுக்கிறோமே என்று தயங்குகிறவர்கள், திசையை மட்டும் எழுதினால் போதும்.

விட்டுவைத்த பரணும் அதன் மதிப்பும்

அனுமதி உள்ள இடத்தில் பரணைப் பல நாட்கள் விட்டுவைப்பவர் ஒன்றைத் தெளிவாக ஏற்றுக்கொள்ள வேண்டும்: ஆளில்லாத பரண் இடத்தை முன்பதிவு செய்வதில்லை. முதலில் வந்து அமர்ந்தவருக்கே அந்தக் காலை உரியது. மினசோட்டாவில், பொது நிலத்தில் கட்டப்பட்டு ஆளில்லாமல் இருக்கும் நிரந்தரப் பரண் கட்டியவரின் சொத்தாகவே கருதப்படுவதில்லை, அது பொதுவானது. கழற்றக்கூடிய பரண் வேறு: அது ஒருவரின் உடைமை, அதைத் தொடவோ எடுக்கவோ பிறருக்கு உரிமையில்லை. ஆனால் அது தொங்கும் மரத்துக்கு நூறு கெஜம் தள்ளி வேறொருவர் விடியற்காலையில் ஏற்கெனவே அமர்ந்திருந்தால், பின்னால் வந்த உரிமையாளர் அவரை எழுப்ப முடியாது. ஒரு மலைமுகட்டில் ஐந்து பரண்களை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றில் எதிலும் அமராமல், மற்றவர்களை அச்சுறுத்தி விலக்கிவைக்கும் பழக்கத்தைச் சட்டம் தடுக்காத இடத்திலும் யாரும் மதிப்பதில்லை.

இனி மறுபக்கம். அடுத்தவரின் பரணில் ஏறி அமரக் கூடாது. ஆளில்லை, ஒருமணி நேரம் மட்டும்தான், கெடுதல் ஒன்றும் செய்யப்போவதில்லை என்ற எந்தச் சமாதானமும் இதற்கு உதவாது. மரியாதைக் குறைவு ஒருபுறம் இருக்க, அது உயிருக்கே ஆபத்து. அந்த வார் எத்தனை வெயிலைக் கண்டது, அணில் எங்கே கடித்தது, கொக்கி எவ்வளவு துருப்பிடித்தது என்பதெல்லாம் ஏறுகிறவருக்குத் தெரியாது. வெயிலில் கிடந்த நைலான் வார் வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே நைந்திருக்கும். மரம் பருக்கப் பருக்க வார் தானாக இறுகி அறுபடும் நிலைக்கு வருவதும் உண்டு. அருகில் கட்டப்பட்டிருக்கும் கண்காணிப்புக் கேமராவையும் தொடக் கூடாது. அது நம்மைப் படம் பிடித்துவிட்டதே என்று அதன் நினைவக அட்டையை உருவுவது திருட்டுதான்.

பரணின் பெயர்ச்சீட்டில் தொலைபேசி எண் இருந்தால், பக்கத்தில் அமர விரும்புகிறவர் ஒரு செய்தி அனுப்பிக் கேட்பது மிக நல்ல வழக்கம். “சனிக்கிழமை காலை நீங்கள் வருகிறீர்களா, நான் ஓடைக்கு மறுகரையில் அமரலாமா” என்ற ஒரு வரி, பின்னர் ஏற்படக்கூடிய கசப்பையெல்லாம் தவிர்த்துவிடும். இப்படித் தொடங்கி, நாட்களைப் பகிர்ந்துகொண்டு பல பருவங்களாகச் சேர்ந்தே காட்டைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடியலுக்கு முன் சந்திப்பு

பெரும்பாலான உரசல்கள் சூரிய உதயத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் நிகழ்கின்றன. பல மாநிலங்களில் மான் வேட்டைக்கான நேரம் உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே ஏறி, கட்டி, அமைதியாகிவிட வேண்டும் என்றால், அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாக வண்டியை விட்டு இறங்க வேண்டும். தாமதமாக வந்தவர் விளக்கை ஆட்டிக்கொண்டு நடுக்காட்டைக் குறுக்கே கடப்பதைவிட, அன்றைக்கு ஓரத்திலேயே எங்காவது அமர்வதே முறை.

இருட்டில் நடக்கும்போது நெற்றிவிளக்கை அணைக்காமல் நடக்க வேண்டும். மான் மிரளும் என்று விளக்கில்லாமல் ஊர்ந்து போகிறவரை, மேலே அமர்ந்திருப்பவர் மிருகம் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. நாம் மேலே இருக்கும்போது கீழே ஒரு விளக்கு நம்மை நோக்கி வந்தால், நமது விளக்கை ஒருமுறை அவர் திசையில் காட்டி அணைத்தால் போதும். அனுபவமுள்ளவர் உடனே புரிந்துகொண்டு திரும்பிவிடுவார். புரியாவிட்டால் மெல்லிய சீழ்க்கை ஒன்று. பெருங்குரலில் கத்தினால் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் மற்ற அனைவரின் காலையும் சேர்ந்து கெடும். மேலே விளக்கு தெரியும்போது கீழே இருப்பவர் நாமானால், கையை உயர்த்தி அடையாளம் காட்டிவிட்டு, வந்த வழியே விலக வேண்டும். அவரைச் சுற்றிக்கொண்டு முன்னேறினால், அவர் நம்பியிருக்கும் புதரின் வழியாகவே நடக்க நேரிடும்.

நமது பரணிலேயே வேறொருவர் அமர்ந்திருப்பதுதான் கடினமான சோதனை. அங்கே நாம் பேச வேண்டியது பரணைப் பற்றி மட்டுமே. “இது என்னுடைய பரண், பெயர் அதில் இருக்கிறது, வார் பழையது, பாதுகாப்பாக இறங்குங்கள்” என்று தாழ்ந்த குரலில் சொல்வது போதுமானது. அவர் இறங்க மறுத்தால் வாதாடக் கூடாது. இருவர் கையிலும் ஆயுதம் இருக்கிறது, இருவரும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள், ஒருவர் இருபது அடி உயரத்தில் இருக்கிறார். நல்ல முடிவுக்கான சூழல் அது இல்லை. இரண்டாவது மரத்துக்குப் போய்விட்டு, பிற்பகலில் வனவிலங்குச் சட்ட அதிகாரியைத் தொலைபேசியில் அழைக்கலாம். சினத்தில் மரத்தைச் சுற்றி நடப்பது, சத்தம் எழுப்புவது, வாடையைப் பரப்புவது போன்ற பழிவாங்கல்கள் நம்மையே குற்றவாளியாக்கிவிடும். சட்டபூர்வமாக வேட்டையாடுகிறவரை வேண்டுமென்றே இடையூறு செய்வதைத் தடை செய்யும் சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது; கூட்டாட்சி நிலங்களுக்கு 1994இல் தனிச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டங்கள் வேட்டை எதிர்ப்பாளர்களுக்கு மட்டும் உரியவை என்று சிலர் எண்ணுகிறார்கள். சக வேட்டைக்காரருக்கும் அவை பொருந்தும்.

அமர்ந்திருக்கும் நேரத்தில்

உயரத்தில் அமர்வதால் தோட்டாவும் அம்பும் கீழ்நோக்கிப் போய் மண்ணில் பதியும் என்பது உண்மைதான். எனினும் மேட்டின் விளிம்பை நோக்கிச் சுடும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அண்டை வேட்டைக்காரர் இருக்கும் திசை தெரிந்தவுடன், அந்தத் திசையில் எந்த மான் வந்தாலும் சுடுவதில்லை என்று உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் பெரும்பாலான மாநிலங்கள் ஒளிரும் ஆரஞ்சு நிற உடையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் சேர்த்து 250 சதுர அங்குலம் தெரிய வேண்டும். மரத்தின் மறுபக்கத்திலிருந்து வருகிறவருக்கு அடிமரம் நம் உடையை மறைக்கும் என்பதால், பரணுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சுத் துணியைக் கட்டுவது நல்லது. முழு உடல் பாதுகாப்பு வாரைத் தரையிலிருந்து காலை எடுத்த நொடி முதல் மீண்டும் தரையில் வைக்கும் வரை அணிந்திருக்க வேண்டும். தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கயிற்றில் கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும். விழுந்து கிடப்பவரைத் தேடி அந்தக் காட்டில் உள்ள அனைவரும் தம் வேட்டையை நிறுத்த வேண்டியிருக்கும்.

காட்டுக்கோழி வேட்டைக்காரரின் நாய் பரணுக்கு அடியில் ஓடலாம். காளான் பறிக்க ஒருவர் வரலாம், குழந்தைகளோடு நடைப்பயணம் போகிறவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே கடக்கலாம். அவர்களுக்கும் அந்த நிலத்தில் நமக்குள்ள அதே உரிமை உண்டு. கையசைத்து, அவர்கள் கடந்து போகும் வரை ஆயுதத்தைத் தொடாமல் இருந்தால் போதும். அவர்கள் கலைத்துவிட்ட மான் சில நேரம் சுற்றிக்கொண்டு நம்மிடமே வருவதும் உண்டு.

காலை பத்து மணிக்கு மேல் பலர் பசியோடு இறங்கி நடக்கத் தொடங்குவார்கள். அப்போது வெளியேறுகிறவர் இன்னும் அமர்ந்திருப்பவர்களைத் தவிர்த்துச் சற்றுச் சுற்றுவழியில் போவது நல்லது. அடிபட்ட மான் இன்னொருவரின் பரண் பக்கம் ஓடியிருந்தால், இரத்தத் தடத்தைப் பின்பற்றிக்கொண்டு நேரே அவர் காலடிக்குப் போய்விடக் கூடாது. தொலைவிலேயே நின்று அவர் கவனத்தை ஈர்த்து, மானைத் தேடி வருவதைச் சைகையால் தெரிவித்து, அவர் தலையசைத்த பின் நகர வேண்டும். சாகும் தறுவாயில் வந்த மானை அவர் சுட்டு வீழ்த்தியிருந்தால், உயிர் போக்கும் காயத்தை முதலில் ஏற்படுத்தியவருக்கே மான் உரியது என்பது வேட்டைக்காரர்களிடையே நிலவும் பொதுவான வழக்கு. காயங்களை இருவரும் சேர்ந்து பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். தெரியாதபோது கொம்பின் அளவைப் பார்த்து வழக்கை மாற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களோடு மல்லுக்கட்டுவதால் பயனில்லை.

பருவம் முடிந்தபின்

கடைசி நாளுக்குள் பரணை மட்டும் அல்லாமல், படிகள், இழுகயிறு, ஊசிகள், வண்ண நாடா எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி நிற்கும் பரணை அதிகாரிகள் கைவிடப்பட்ட பொருளாகக் கருதி அகற்றலாம், அபராதமும் விதிக்கலாம். இறுக்கமாக விட்டுவைத்த வார் ஓர் ஆண்டுக்குள் பட்டைக்குள் பதியத் தொடங்கும், பின்னர் வெட்டித்தான் எடுக்க முடியும். கழற்றி வந்த பரணை வீட்டில் விரித்து வைத்து, தையல் பிரிந்த வார்களையும் வளைந்த கொக்கிகளையும் அப்போதே மாற்றி, மழையில் மங்கிப்போன பெயர்ச்சீட்டைப் புதிதாக எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த செப்டம்பரில் அவசரத்தில் பழைய வாரோடு மரம் ஏற வேண்டியிருக்காது.